நாலு நிமிடத்தில் ஒரு குடித்தனம்: கன்ட்ரி சிங்கிள் ஓர் அறிமுகம்

ஆலன் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பாடகருக்கு 2003-இல் நாற்பத்தைந்து வயது ஆனது. கல்யாணமாகி இருபத்து மூன்று ஆண்டுகள் முடிந்திருந்தன. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். அந்த அக்டோபரில், அவரே எழுதிப் பாடிய 'ரிமெம்பர் வென்' என்ற பாட்டு, அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்விட்ட கன்ட்ரி என்ற இசை வகையைப் போடும் வானொலி நிலையங்களுக்குப் போனது. 2004 பிப்ரவரியில் பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலின் உச்சிக்கு ஏறி, இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. பாட்டில் அப்படி என்ன நடக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பேர் இளவயதில் காதலிக்கிறார்கள், மணக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், நரை வரும் நாளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

காதலைப் பாடாத இசை உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் பெரும்பாலான பாட்டுகள் கல்யாணத்தோடு கடையை மூடிவிடும். அதற்குப் பிறகு வருவதை, அதாவது வாடகை, குழந்தை அழுகை, மனக்கசப்பு, பெரியவர்களின் சாவு, விவாகரத்து, திரும்பச் சேர்தல் எல்லாவற்றையும் வானொலி வெற்றிப் பாட்டாக்குவதைத் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகவே செய்துவருவது கன்ட்ரி இசை. தொப்பி, குதிரை, லாரி என்று மட்டும் அதை நினைத்திருப்பவர்களுக்கு இந்தக் குடும்பப் பாட்டுகள்தான் நல்ல வாசல் என்பது என் எண்ணம். ஒரு நாலைந்து நிமிடப் பாட்டுக்குள் ஒரு முழுக் குடித்தனத்தை எப்படி அடைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

சிங்கிள் என்றால்

ஓர் ஆல்பத்தில் பத்துப் பன்னிரண்டு பாட்டு இருக்கும். அதிலிருந்து ஒன்றைத் தனியே எடுத்து, 'இதை முதலில் கேளுங்கள்' என்று கம்பெனி முன்னால் தள்ளும் பாட்டுதான் சிங்கிள். ஒரு காலத்தில் அது கையில் பிடிக்கக்கூடிய பொருளாகவே இருந்தது. 1949-இல் ஆர்சிஏ விக்டர் கம்பெனி ஏழு அங்குல இசைத்தட்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. கடையில் எளிதில் பிரித்தறிய இசை வகைக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். கன்ட்ரிக்குக் கிடைத்தது பச்சை.

ஜாக்சன் பாட்டு வெளிவந்த காலத்தில் கன்ட்ரி சிங்கிள் என்றால் கடைக்குப் போகும் தட்டு என்பதைவிட வானொலிக்குப் போகும் பாட்டு என்றே பொருள். பில்போர்டின் முக்கியமான கன்ட்ரி பட்டியல் 1990 தொடங்கி 2012 வரை வானொலி ஒலிபரப்பை மட்டுமே மின்னணு முறையில் கண்காணித்துக் கணக்கிட்டது. எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது அந்தப் பட்டியலுக்குத் தேவைப்படவில்லை; நிலையங்கள் எத்தனை முறை போட்டன என்பதுதான் கணக்கு. 2012 அக்டோபரில்தான் டிஜிட்டல் விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் அதில் சேர்ந்தன. ஒலிபரப்பை மட்டும் அளக்கத் தனியாக இன்னொரு பட்டியல் வந்தது.

இதனால் கன்ட்ரி சிங்கிள் மெல்லத்தான் ஏறும். அக்டோபரில் போன பாட்டு பிப்ரவரியில் முதலிடம் தொட்டது அங்கே சாதாரணம். ஒரு நிலையம் இரவு நேரத்தில் போட்டுப் பார்க்கும். நேயர்கள் முகம் சுளிக்கவில்லை என்று தெரிந்தால் பகலுக்குக் கொண்டுவரும். காரில் போகிறவர், சமையலறையில் நிற்கிறவர், பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எல்லோரும் ஒரே ஸ்பீக்கரில் கேட்கும் பாட்டு அது. யாரும் நிலையத்தை மாற்றிவிடாத பாட்டாக இருக்க வேண்டும். குடும்பப் பாட்டு அங்கே செழித்ததற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பணம் போகும் வழியும் கொஞ்சம் விசித்திரமானது. அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் அவருடைய பதிப்பகத்துக்கும் உரிமத்தொகை உண்டு. பாடியவருக்கு அந்த ஒலிபரப்புக்காகச் சல்லிக்காசு கிடையாது. கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்லில் பாட்டெழுதுவதே ஒரு முழுநேர வேலையாக வளர்ந்ததில் இதற்குப் பங்குண்டு. காலையில் மூன்று பேர் ஓர் அறையில் கிட்டாரோடு உட்கார்ந்து, மாலைக்குள் ஒரு பாட்டோடு எழுந்திருப்பார்கள். பாடகர் பாடுவது தன் கல்யாணத்தைத்தான் என்று கேட்பவர் நம்பிக்கொண்டிருப்பார். உண்மையில் அது முன்பின் தெரியாத வேறு மூவரின் கற்பனையாக இருக்கலாம். 'ரிமெம்பர் வென்' இதற்கு விலக்கு. எழுத்தாளர் இடத்தில் ஒரே ஒரு பெயர், ஜாக்சனுடையது.

குடும்பம் எங்கிருந்து வந்தது

1927 கோடையில் ரால்ஃப் பியர் என்ற ஒலிப்பதிவாளர், டென்னசியும் வர்ஜீனியாவும் ஒரே தெருவில் எல்லை பிரியும் பிரிஸ்டல் ஊருக்கு வந்து, ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் கருவிகளைப் பரப்பினார். மலைப்பக்கத்திலிருந்து பாடத் தெரிந்தவர்கள் வந்தார்கள். அவர்களில் ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் என்ற மூவரும் உண்டு. சாரா கைக்குழந்தையோடு வந்திருந்தார். மேபெல் கர்ப்பிணியாக இருந்துகொண்டே கிட்டார் வாசித்தார். கார்ட்டர் ஃபேமிலி என்ற பெயரில் அவர்கள் பதிவுசெய்த பாட்டுகள் கன்ட்ரி இசையின் அடித்தளங்களில் ஒன்று. ஆக இந்த இசையின் முதல் பெரிய குழுவே ஒரு வீட்டுக்காரர்கள்தான். அந்த வீடும் நிலைக்கவில்லை. 1930-களில் ஏ.பி.யும் சாராவும் பிரிந்தார்கள். பிரிந்த பிறகும் தொழிலுக்காகச் சில ஆண்டுகள் ஒரே குழுவாகப் பாடினார்கள். கன்ட்ரியில் கல்யாணமும் கல்யாண முறிவும் ஆரம்பத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவை.

இன்னொரு வேர் வானொலி. நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் நிலையம் 1925-இல் தொடங்கிய சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிதான் பின்னால் கிராண்ட் ஓல் ஆப்ரி என்று பெயர் பெற்றது. நிலையத்தை நடத்தியது ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. குடும்பத் தலைவர் செத்துப்போனால் பிள்ளைகுட்டிகள் என்ன ஆவார்கள் என்ற பயத்தை விற்பவர்கள் வீட்டுப் பாட்டுகளுக்கு மேடை கொடுத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

காலத்தை ஓட வைக்கும் வித்தை

நம் சினிமாப் பாட்டில் பல்லவி, சரணம் இருப்பதுபோல கன்ட்ரி சிங்கிளிலும் திரும்பத் திரும்ப வரும் பகுதி ஒன்று, கதை நகரும் பகுதி ஒன்று என்று இருக்கும். வசதிக்காக நம் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன். குடும்பப் பாட்டு எழுதுபவருக்கு முதல் தலைவலி இதுதான்: முப்பது நாற்பது வருடம் ஓட வேண்டும், ஆனால் பல்லவி திரும்பத் திரும்ப வந்து கதையை ஒரே இடத்துக்கு இழுக்கும்.

இதைச் சமாளிக்க மிகப் பழகிப்போன ஒரு வழியை 1994-இல் பாடகர் டிம் மெக்ராவுக்கு முதன்முதலில் முதலிடம் வாங்கித்தந்த 'டோன்ட் டேக் தி கேர்ள்' பாட்டில் பார்க்கலாம். எட்டு வயதுப் பையன் அப்பாவோடு மீன் பிடிக்கப் போகிறான். ஒரு சின்னப் பெண்ணும் கூட வரப் பார்க்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று அப்பாவிடம் கெஞ்சுகிறான். பத்து வருடம் கழித்து இருவரும் காதலர்கள். துப்பாக்கியோடு ஒருவன் அவளைப் பிடித்துக்கொள்ள, பையன் அவனிடம் கெஞ்சுகிறான். இன்னும் ஐந்து வருடம் போகிறது. பிரசவத்தில் அவள் உயிர் ஊசலாடுகிறது. இப்போது கெஞ்சுவது கடவுளிடம். கேட்பது மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே வேண்டுகோள். கேட்கப்படுகிறவர் மட்டும் அப்பா, திருடன், ஆண்டவன் என்று மாறுகிறார். பல்லவி நகராமல் நிற்க, சரணம் அதைச் சுற்றி வயதாகிக்கொண்டே போகிறது. கச்சிதமான வேலை. கொஞ்சம் மிகையான கச்சிதம் என்றும் சொல்வேன். மூன்றாவது சரணத்தில் கேட்பவர் அழுதாக வேண்டும் என்று பாட்டே கையைப் பிடித்து இழுப்பது தெரிகிறது.

இன்னொரு வழி, மனிதர்களை விட்டுவிட்டு ஒரு பொருளின் பின்னால் போவது. ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும் சேர்ந்து பாடிய 1976-ஆம் ஆண்டு 'கோல்டன் ரிங்' பாட்டில் கதாநாயகனே ஒரு தங்க மோதிரம்தான். சிகாகோவில் ஓர் அடகுக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிறது. ஒரு ஜோடி வாங்கிப் போகிறது. கல்யாணம். அப்புறம் சின்ன வீட்டுக்குள் பெரிய சண்டை. கடைசியில் மோதிரம் மறுபடி அடகுக்கடையில், இன்னொரு ஜோடியின் கண்ணுக்குப் படும்படி. இந்தப் பாட்டை எழுதியவர்கள் பாபி பிராடக்கும் ரேஃப் வான் ஹாயும். பாடிய இருவரும் 1969-இல் மணந்து 1975-இல் விவாகரத்து வாங்கியவர்கள். மணமுறிவுக்கு அடுத்த வருடம் சேர்ந்தே இதைப் பாடினார்கள்; முதலிடமும் பிடித்தார்கள். சோகம் ஒரு பக்கம், வியாபார மூளை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்க முடியாத ஊர் நாஷ்வில்.

பல்லவியே இல்லாமல்

இப்போது ஜாக்சன் பாட்டுக்கு வருகிறேன். அதில் பல்லவி கிடையாது. மொத்தம் ஆறு சரணம். ஒவ்வொன்றும் தலைப்பிலுள்ள அந்த இரண்டு சொற்களோடு தொடங்குகிறது, நினைவிருக்கிறதா என்று மனைவியைக் கேட்பதுபோல. மெட்டு ஒன்றுதான். வானொலிக்கு ஒரு பாட்டை அனுப்புகிறவர் பல்லவி இல்லாமல் அனுப்புவது துணிச்சல். கேட்பவர் காதில் ஒட்டிக்கொள்ளப் பல்லவிதானே பசை?

ஆனால் பொருளுக்கு இந்த வடிவம்தான் பொருந்துகிறது. வாழ்க்கை பல்லவிக்குத் திரும்பி வருவதில்லை. முதல் சரணத்தில் இளமையும் முதல் உறவும். இரண்டாவதில் கல்யாணமும், கஷ்டமாக இருந்தது என்ற நேரான ஒப்புதலும். மூன்றாவதில் பெரியவர்கள் போகிறார்கள், புதியவர்கள் பிறக்கிறார்கள், வாழ்க்கை பிரித்துப்போட்டு மாற்றி அடுக்கப்படுகிறது. இருவரும் ஒருவர் மனதை ஒருவர் உடைத்துக்கொள்கிறார்கள். நான்காவதில் சின்னப் பாதங்களின் சத்தம் வீட்டை நிறைக்க, நம்பிக்கை திரும்பி வருகிறது. ஐந்தாவதில், முப்பது வயது என்றாலே கிழவயது என்று நினைத்த காலத்தை எண்ணிச் சிரிக்கிறார்கள்.

ஆறாவது சரணத்தில்தான் பாட்டின் சூட்சுமம். அதுவரை கேட்கும்போது யாரோ ஒரு வயதான தம்பதி திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை பேசுவதாகவே தோன்றும். ஆறாவதில் திடீரென்று காலம் புரள்கிறது. தலை நரைத்து, பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போகும்போது வருத்தப்பட மாட்டோம், வாழ்ந்த வாழ்க்கையை நினைத்து மகிழ்வோம் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்ததாக வருகிறது. ஆக நரை இன்னும் வரவில்லை. பிள்ளைகள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள். கேள்வியாகத் தொடங்கிய வரி சத்தியமாக முடிகிறது. எழுதியபோது ஜாக்சன் நடுவயதுக்காரர் என்பது இங்கே முக்கியம். அவர் பாடுவது முடிந்துபோன கதையை அல்ல, பாதியில் நிற்கும் கதையை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கன்ட்ரி பாட்டெழுத்தின் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: பொதுவாகப் பேசாதே, பெயரைச் சொல். எந்த ஊர், எந்தச் சாலை, எந்த நிற லாரி, அம்மா எந்தப் பாத்திரத்தில் சமைத்தாள் என்று சொன்னால்தான் கேட்பவர் நம்புவார். 'ரிமெம்பர் வென்' இந்தச் சட்டத்தை முழுசாக மீறுகிறது. அதில் ஒரு மனிதர் பெயர் இல்லை, ஊர் இல்லை, வண்டி இல்லை. வரிகள் ஒவ்வொன்றும் நாலைந்து எளிய சொல். இப்படி எழுதினால் வாழ்த்து அட்டை வாசகமாகப் போய்விடும் அபாயம் நிறைய. சில வரிகள் அந்த ஓரத்தில் நிற்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காப்பாற்றுவது மூன்றாவது சரணம். ஒருவரை ஒருவர் காயப்படுத்தினோம் என்பதை இருவர் தலையிலும் சமமாக வைத்துச் சொல்லிவிடுவதால், மற்ற இனிப்பெல்லாம் நம்பும்படி ஆகிறது.

பாட்டுக்குப் பின்னால் இருந்த வீடு

ஜாக்சன் 1958-இல் ஜார்ஜியா மாநிலத்து நியூனன் ஊரில் பிறந்தவர். தாத்தாவின் பழைய பட்டறைக் கொட்டகையைச் சுற்றி அறைகள் சேர்த்துக் கட்டிய வீட்டில், நான்கு அக்காமாருக்குக் கடைக்குட்டித் தம்பியாக வளர்ந்தார். 1979 டிசம்பரில் டெனிஸை மணந்தார். டெனிஸ் விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர். அட்லாண்டா விமான நிலையத்தில் பிரபலப் பாடகர் கிளென் கேம்பெல்லைப் பார்த்ததும் நேராகப் போய், என் கணவர் பாட்டெழுதுகிறார், என்ன செய்யலாம் என்று கேட்டார். கேம்பெல் ஒரு முகவரி அட்டையைக் கொடுத்தார். அதை நம்பி 1985-இல் இருவரும் நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் தபால் பிரிவில் ஜாக்சன் வேலை பார்த்தார். 1989-இல் அரிஸ்டா கம்பெனியின் நாஷ்வில் பிரிவு அவரை ஒப்பந்தம் செய்தது. அந்தப் பிரிவு எடுத்த முதல் கன்ட்ரி பாடகர் அவர்தான்.

புகழ் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், 1998-இல் பிரிவும் வந்தது. சில மாதங்கள் தனித்தனியே இருந்துவிட்டு மறுபடி சேர்ந்தார்கள். இந்தக் காலத்தைப் பற்றி டெனிஸே 2007-இல் ஒரு புத்தகம் எழுதினார். மூன்றாவது சரணம் எங்கிருந்து வந்தது என்று இனி விளக்க வேண்டியதில்லை.

இதைவிடச் சுவாரசியமான ஒப்பீடு ஜாக்சனுடைய பாட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. 1994-இல் 'லிவின் ஆன் லவ்' என்று ஒன்றைத் தனியாக எழுதிப் பாடி முதலிடம் பெற்றார். அதிலும் கல்யாணம்தான். காசில்லாத இளம் ஜோடி காதலை மட்டும் சாப்பிட்டு வாழ்கிறது. கடைசிச் சரணத்தில் கண் மங்கிய கிழவனும் தளர்ந்த கிழவியும் அதே காதலோடு இருக்கிறார்கள். துள்ளலான மெட்டு, கேட்கச் சுகம். ஆனால் அந்த ஜோடி 'அவர்கள்'. இளமைக்கும் முதுமைக்கும் நடுவில் நாற்பது வருடம் எந்தக் கீறலும் இல்லாமல் கடந்துவிடுகிறது. ஒன்பது வருடம் கழித்து அதே ஆள் அதே விஷயத்தை எழுதும்போது 'அவர்கள்' போய் 'நாம்' வருகிறது; துள்ளல் போய் நிதானம் வருகிறது; விடுபட்டிருந்த நடுப்பகுதிதான் பாட்டின் சதையாகிறது. இரண்டுக்கும் நடுவில் 1998 இருக்கிறது. கன்ட்ரி பாட்டெழுத்தைக் கற்க விரும்பும் ஒருவருக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்வதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு குரல்

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் ஆண்கள் திரும்பிப் பார்த்து நெகிழ்கிறார்கள். திரும்பிப் பார்க்க நேரம் கிடைத்தவர்கள் அவர்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடிய பெண்களின் குடும்பப் பாட்டு வேறு மாதிரி இருக்கும்.

லொரெட்டா லின் கென்டக்கி மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளி மகள். பதினைந்து வயதில் கல்யாணம், இருபது ஆகும்போது நான்கு பிள்ளைகள். அவர் 1971-இல் வெளியிட்ட 'ஒன்ஸ் ஆன் தி வே' டொபீகா நகரத்து இல்லத்தரசி ஒருத்தியின் ஒருநாள் பொழுது. பத்திரிகையில் நட்சத்திரங்களின் ஆடம்பர வாழ்க்கை, பெண் விடுதலைச் செய்திகள். இங்கே மழை, அழும் பிள்ளைகள், வயிற்றில் இன்னொன்று. நகைச்சுவையாகத்தான் போகும், ஆனால் சிரித்துக்கொண்டே பல்லைக் கடிக்கும் நகைச்சுவை. எழுதியவர் ஷெல் சில்வர்ஸ்டீன் என்ற ஆண் என்பது ஒரு வேடிக்கை.

அடுத்த அடி பலமானது. வருடத்துக்கொரு பிள்ளை பெற்றுச் சலித்த மனைவி, கருத்தடை மாத்திரை வந்த பிறகு கணவனிடம் இனி நானும் வெளியே போவேன் என்று அறிவிக்கும் 'தி பில்' பாட்டை லொரெட்டா 1972-இல் பதிவுசெய்தார். கம்பெனி பயந்து மூன்று வருடம் வெளியிடாமல் வைத்திருந்தது. 1975-இல் வெளிவந்ததும் பல நிலையங்கள் போட மறுத்தன. அப்படியும் கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. யாரும் நிலையத்தை மாற்றிவிடாத பாட்டு வேண்டும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அந்தச் சட்டம் யாரை வெளியே நிறுத்தியது என்பதற்கும் இதே வானொலிதான் சாட்சி. குடும்பம் பெருகுவதைப் பாடினால் பூமாலை, போதும் என்று பாடினால் கதவடைப்பு.

டாமி வைனெட்டின் கதையும் இந்த முரணில்தான் நிற்கிறது. கணவனுக்குத் துணை நில் என்று சொல்லும் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' 1968-இல் வந்தது. அவரும் தயாரிப்பாளர் பில்லி ஷெரிலும் சேர்ந்து எழுதியது. அதே 1968-இல்தான் விவாகரத்து என்ற சொல்லைக் குழந்தைக்குப் புரியாதபடி எழுத்தெழுத்தாகச் சொல்லும் தாயின் பாட்டையும் அவர் பாடினார். இரண்டும் முதலிடம். வாழ்க்கையில் ஐந்து முறை மணந்தவர். இதை இரட்டை வேடம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசையும் முடியவில்லை என்ற அனுபவமும் ஒரே பெண்ணிடம் ஒரே வருடத்தில் இருக்கக்கூடும்.

இப்போது எப்படி எழுதுகிறார்கள்

தாமஸ் ரெட் 2018-இல் 'லைஃப் சேஞ்சஸ்' என்ற சிங்கிளோடு பில்போர்டு கன்ட்ரி ஒலிபரப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அதுவும் சொந்தக் கதைதான். கல்லூரியில் என்ன படிப்பது என்று தெரியாத பையன் பாட்டெழுத வருகிறான், சிறுவயதுத் தோழியை மணக்கிறான், உகாண்டாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க ஏற்பாடு நடக்கும்போதே மனைவி கருவுற்றிருப்பது தெரியவருகிறது. நினைத்தது ஒன்று, நடந்தது வேறு என்பதுதான் பல்லவி. மனைவிக்கே இப்போது தனி ரசிகர் கூட்டம், இன்ஸ்டாகிராமில் நீல டிக் கிடைத்துவிட்டது என்ற கிண்டலும் உண்டு. நால்வர் சேர்ந்து எழுதிய பாட்டு. அவர்களில் ஒருவர் தாமஸ் ரெட்டின் அப்பா, அவரும் ஒரு கன்ட்ரி பாடகரான ரெட் ஏக்கின்ஸ். மகனின் குடும்பக் கதையை அப்பாவும் உட்கார்ந்து எழுதுவது அந்த ஊரில் தொழில்முறை வழக்கமே.

ஜாக்சன் எல்லாப் பெயர்களையும் துடைத்துவிட்டு எழுதினார். தாமஸ் ரெட் பெயர், நாடு, செயலி எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவருகிறார். முன்னது யார் கல்யாணத்துக்கும் பொருந்தும். பின்னது ஒரே ஒரு வீட்டுக்குத்தான் பொருந்தும், ஆனால் அந்த வீட்டை நன்றாகப் பார்த்துவிட்ட உணர்வு வரும். விசிறிகள் இவர் மனைவி பிள்ளைகளைத் தினமும் கைப்பேசியில் பார்க்கிறார்கள்; தெரிந்த குடும்பத்தின் கதையைப் பாட்டாகக் கேட்கும்போது விளக்கம் தேவைப்படுவதில்லை. குறை என்றால், அதில் எல்லா ஆச்சரியமும் நல்ல ஆச்சரியமாகவே இருக்கிறது. இருபதுகளில் எழுதினால் அப்படித்தான் வரும். 'லிவின் ஆன் லவ்' எழுதிய ஜாக்சனைவிட அப்போது இவர் இன்னும் சின்னவர்.

கேட்டுப்பார்க்க நினைப்பவர்கள் 'லிவின் ஆன் லவ்'விலிருந்து தொடங்கி 'ரிமெம்பர் வென்'னுக்குப் போகலாம்; பிறகு 'கோல்டன் ரிங்', அதன் பின் லொரெட்டா லின். ஆங்கிலப் பாட்டில் சொல் பிடிபடாது என்று தயங்க வேண்டாம். ஜாக்சன் ஜார்ஜியா உச்சரிப்போடு இழுத்துப் பாடினாலும் சொல்லை விழுங்கமாட்டார், பின்னணி இசையும் அவர் குரலின் மேல் ஏறி உட்காராது. லொரெட்டாவுக்கு மட்டும் வரிகளை ஒருமுறை வாசித்துவிட்டுப் போவது நல்லது. அவர் வேகமாகப் பேசிய பெண்.